வெள்ளைச்சாமி ஐயாவைச் சட்டத்துக்குள் வைத்த கதை

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவருடைய படம் தனியாகச் சட்டத்துக்குள் போய்விட்டால், அவர் ஒன்று சாமியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் போய்ச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் சட்டத்துக்குள் வருவது கல்யாணப் போட்டோவில் மட்டும்தான். அதிலும் ஜோடியாக வர வேண்டும். திண்டுக்கல்லில் தெருமுனைக்குத் தெருமுனை கண்ணீர் அஞ்சலி பேனர் பார்த்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் மறந்துவிடும்.

நான் வெப்சைட் செய்து கொடுப்பவள். பெரிய ஆபீஸ் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அப்போது என்னிடம் இருந்தது வீட்டு மாடியில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், 'டிசைனர்' என்று நானே எனக்குப் பட்டம் கொடுத்து அச்சடித்துக்கொண்ட விசிட்டிங் கார்டு. (அந்தக் கார்டுகள் இன்னும் தீரவில்லை. ஆடும் மேசைக் காலுக்கு அடியில் மடித்து வைக்க அம்மா எடுத்துக்கொள்கிறார்.)

வெப்சைட்டை முழுதாகச் செய்வதற்கு முன்னால், இப்படித்தான் வரப்போகிறது என்று வாடிக்கையாளருக்கு ஒரு படம் காட்ட வேண்டும். அதை அப்படியே அனுப்பினால் பந்தலில் கொடுக்கும் நோட்டீஸ் மாதிரி இருக்கும். அதனால் பிரவுசர் ஜன்னல் மாதிரியே ஒரு சட்டம் வரைந்து, படத்தை அதற்குள் பொருத்தி அனுப்புவோம். மேல் ஓரத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று புள்ளி. பக்கத்தில் வெப்சைட் முகவரி எழுதிய நீளப் பட்டை. சுற்றிலும் மெல்லிய நிழல். அவ்வளவு செய்துவிட்டால் போதும், இன்னும் பிறக்கவே பிறக்காத வெப்சைட் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பது போலத் தெரியும். எனக்கு இந்தச் சட்டங்கள் மீது ஒரு பைத்தியம் இருந்தது. உள்ளே இருக்கும் வெப்சைட்டுக்கு ஒரு மடங்கு உழைத்தால் வெளியே இருக்கும் சட்டத்துக்கு இரண்டு மடங்கு உழைப்பேன்.

வெள்ளைச்சாமி ஐயாவுக்கு நிலக்கோட்டை பூச்சந்தையில் கமிஷன் கடை. சுற்றுக் கிராமத்து விவசாயிகள் விடியலில் பறித்த மல்லிகை மொட்டை அவர் தராசில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவர் வெளியூர் வியாபாரிகளிடம் போனிலேயே பேசி முடித்து வேனில் ஏற்றி அனுப்புவார். எல்லாம் வாய்ச்சொல்தான். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் கடையே. அப்படிப்பட்டவருக்கு நெஞ்சுவலி வந்து மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்து வந்தாலும் கொஞ்ச நாள் வீட்டோடு கிடந்தார். நாற்காலி காலியாக இருந்ததில் பாதி விவசாயிகள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். வெளியூர்க்காரர்கள் "ஐயா எப்படி இருக்காரு?" என்பதை ஒரு மாதிரிக் குரலில் கேட்க ஆரம்பித்தார்கள்.

அவருடைய மகன் முருகேசன் அண்ணன் என்னைத் தேடி மாடியேறி வந்தது அதனால்தான்.

"அப்பா தெம்பாத்தான் இருக்காரும்மா. திங்கக்கெழமைலருந்து கடைக்கு வாராரு. அது நாலு பேருக்குத் தெரியணும். இல்லன்னா மிச்சம் இருக்கவுங்களும் எதுத்த கடைக்குப் போயிருவாங்க. அதான் ஒரு வெப்சைட்டு போட்டா கெத்தா இருக்கும்ல?"

ஆக, எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான். ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

ஐயாவுக்குத் தனிப் படம் எதுவும் இல்லை. மகள் கல்யாணத்தில் கூட்டத்தோடு நின்ற படம் ஒன்றுதான் கிடைத்தது. அதில் அவர் கேமராவைப் பார்க்காமல் எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார் (பந்தியில் சாம்பார் வாளி எங்கே போனது என்று பார்த்ததாகப் பிறகு சொன்னார்). நான் அவரை மட்டும் வெட்டி எடுத்தேன். பின்னணியில் ஒரு சித்தப்பாவின் முழங்கை வந்ததால் மங்கலாக்கினேன். கலர் கொஞ்சம் அடித்ததால் கறுப்பு வெள்ளையாக்கினேன். கறுப்பு வெள்ளைக்குக் கறுப்புச் சட்டம்தான் எடுப்பாக இருக்கும் என்று பிரவுசர் ஜன்னலையே கறுப்பாக்கினேன். பூக்கடை ஆயிற்றே, பூ இல்லாமலா என்று சட்டத்தின் மேலிருந்து இரண்டு பக்கமும் மல்லிகைச் சரம் தொங்கவிட்டேன். கீழே பெரிய எழுத்தில் அவர் பெயர். அதற்கும் கீழே நானே யோசித்த ஒரு வரி: 'மணம் என்றும் நம்மோடு.'

ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரியான முடிவுதான் என்று இன்றைக்கும் வாதாடுவேன்.

தோல் வியாபாரம் முடித்து வந்த அத்தா, அதாவது அப்பா, சட்டையைக் கழற்றிக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, யாரு மௌத்து?" (எங்கள் வீட்டில் சாவை மௌத்து என்போம்.)

"அத்தா, இது வெப்சைட்டு. பிரவுசருக்குள்ள வச்சுக் காட்டுறோம்."

"சரிதான். யாரு மௌத்து?"

"யாரும் இல்லத்தா. இவரு நல்லா இருக்காரு."

அத்தா சட்டையை ஆணியில் மாட்டினார். "எதுக்கும் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். இந்தத் தலைமுறைக்கு டிசைன் புரியாது என்று நான் சிரித்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே முருகேசன் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் திங்கட்கிழமை. காலையில் நேரிலேயே லேப்டாப்போடு வருகிறேன், ஐயாவிடம் விளக்குகிறேன் என்றும் எழுதினேன். அண்ணனுக்குப் படம் பிடித்துப்போனது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவர் அதிகம் பேசாத ஆள். அதை அப்படியே ஸ்டேட்டஸில் வைத்தார், பூச்சந்தை குரூப்பிலும் போட்டார். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் செம்பட்டியில் இரண்டு அம்மாக்கள் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மடியில் வாழை இலையில் சுற்றிய ஒரு பெரிய ரோஜா மாலை. சாவுக்குப் போகிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. பஸ் முழுக்க அந்த மாலையின் வாசம்.

"நேத்துக்கூட போன்ல பேசுனாருக்கா. திங்கக்கெழமை வாரேன், பூவ வேற எங்கயும் போட்டுறாதன்னாரு."

"திங்கக்கெழமை பாத்தியா எப்படி வந்துருச்சுன்னு."

"மகன் மதுரைக்குப் போயிருக்கானாம். வீடு பூட்டிக் கெடக்காம். பாடிய எடுத்துட்டு வரத்தான போயிருப்பாக."

"எனக்கு நம்பிக்கையே வல்ல. அந்தப் படத்துல மேல ஒரு அட்ரஸ் போட்டுருந்துச்சுல்ல, எம்மகன் அத செல்லுல அடிச்சுப் பாத்தான். அடைய முடியவில்லைன்னு வந்துச்சு."

"அப்பப் போயிட்டாருதான்."

சொல்லிவிட்டு அந்த அம்மா போனைத் திருப்பிக் காட்டினார். சீட்டு இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது. கறுப்புச் சட்டம். மல்லிகைச் சரம். மேலே சிவப்பு, மஞ்சள், பச்சை.

அத்தனை பார்த்தும் என் மூளை உண்மையை எட்டவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நான் நினைத்தது இதுதான்: ஐயா ராத்திரி இறந்துவிட்டார். அவசரத்துக்கு வேறு படம் கிடைக்காமல் என் படத்தை அஞ்சலிக்கு எடுத்துக்கொண்டார்கள். அடுத்து வந்த நினைப்பு இன்னும் மோசம். என் டிசைனைப் பார்த்த அதிர்ச்சியில்தான் போனாரோ.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "ஒனக்கும் தெரிஞ்சவரா ஆத்தா? மொகத்துல ரத்தமே இல்லையே."

"பழக்கம்மா."

"யாரு போட்டதோ, படம் நல்லாப் போட்டுருக்காங்க. பாத்தோடன அழுக வருது."

நன்றி சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது.

பூச்சந்தை அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவர் காதில் கத்தினால்தான் கேட்கும். அன்று உள்ளே நுழைந்தபோது சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம்கூடக் கேட்டது. ஆட்கள் இருந்தார்கள். தராசுகள் ஏறி இறங்கின. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு விரல் காட்டி விலை பேசினார்கள். கேட்டால் பெரியவருக்கு மரியாதையாம். யாரோ ஒருவர் என் லேப்டாப் பையைப் பார்த்துவிட்டு, வெளியூரிலிருந்து துக்கத்துக்கு வந்தவள் என்று கூட்டத்தை ஒதுக்கி வழிவிட்டார்.

ஐயாவின் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதன் இரண்டு பக்கமும் மாலைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். வந்தவர்கள் பத்தடி தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நான் மட்டும் ஏன் குனிந்து பார்த்தேன் என்று தெரியவில்லை.

உள்ளே இருட்டு. மல்லிகை வாசம் முகத்தில் மோதியது. துணி போட்டு மூடிய தராசு. அதற்குப் பின்னால் நாற்காலியில், வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக, எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டு வெள்ளைச்சாமி ஐயா உட்கார்ந்திருந்தார். பாதி ஷட்டர் சட்டம் மாதிரி சுற்றி நிற்க, இரண்டு பக்கமும் பூ தொங்க, என் டிசைன் அச்சு அசலாக அங்கே இருந்தது. மூன்று புள்ளிதான் குறை.

எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாம் ஒரே நேரத்தில் வாயில் வந்தது, சாப்பிடுவதற்கு முன்னால் ஓதுவது உட்பட.

அந்த உருவம் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

"பாப்பா, வெளிச்சத்த மறைக்காத. உள்ள வா. குனிஞ்சு வா, ஷட்டரு மண்டைல இடிக்கும்."

பேய் மண்டையைப் பற்றி எச்சரிக்காது என்ற ஒரே தைரியத்தில் உள்ளே போனேன். போனதும் முதல் வேலையாக அவர் காலைப் பார்த்தேன். (செத்தவர்களுக்குக் கால் தரையில் பாவாது என்று சின்ன வயதில் சொல்லி வைத்திருந்தார்கள்.)

"தரையிலதான் இருக்கு" என்றார் ஐயா. "நானும் பாத்துட்டேன்."

நடந்ததை அவர் குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னார். அந்தக் குரல்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. மகன் மதுரைக்கு டெஸ்ட் ரிசல்ட் வாங்கப் போய்விட்டார். மனைவி மகளைப் பார்க்க முந்தின நாளே சித்தையன்கோட்டைக்குப் போயிருந்தார். இவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு இருட்டோடு கடைக்கு வந்து, பின்பக்கம் சாக்குகளைத் தட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் யாரோ வெளியிலிருந்து ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். வெளியே மாலை.

"என்னடா இதுன்னு வெளிய போனேன். நம்ம ஆளு ஒருத்தன் மூட்டையோட வந்தான். என்னையப் பாத்தான். மூட்டைய மெதுவாக் கீழ வச்சான். கும்பிட்டான். அப்படியே பின்னாடியே நடந்து போயிட்டான். திரும்பிக்கூட நடக்கல. அதுக்கப்பறம் நான் உள்ள வந்து உக்காந்தவன்தான்."

"போன் பண்ணிச் சொல்லிருக்கலாமேய்யா?"

பதில் சொல்வதற்குள் அவர் போன் அடித்தது. கோயம்புத்தூர் வியாபாரி சுந்தரம். ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, கேள்விப்பட்டேனுங்க. மனசே சரியில்லீங்க."

"சுந்தரம், நாந்தாப்பா வெள்ளைச்சாமி பேசுறேன்."

"உங்கப்பா குரல் அப்படியே இருக்குதுங்க தம்பி" என்றார் சுந்தரம். அழுகையை அடக்கிக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

"காலைலருந்து இதேதான்" என்றார் ஐயா. பிறகு என் பக்கம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னார். "ஆஸ்பத்திரில ஒரு நாளு பூரா எனக்கு நெனவே இல்ல பாப்பா. அன்னைக்கே போயிட்டேனோ என்னமோ. போயிட்டா நமக்கு யாரு வந்து சொல்லுவா?"

வெளியே ஒரு சந்தையே அவரை நம்பவில்லை. உள்ளே அவரே தன்னை முழுதாக நம்பவில்லை. அவர் உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாக அந்த இடத்தில் இருந்தது நான் ஒருத்திதான், நானும் இரண்டாவது முறையாக அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் இதப் பாத்துட்டுத்தானாம்" என்று போனில் படத்தைக் காட்டினார். "யாரு போட்டதுன்னு தெரியல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலையிலிருந்து கால் வரைக்கும் விளங்கியது. பூமி பிளந்து விழுங்கியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பேன்.

"நாந்தாய்யா போட்டேன். இது சாவுப் படம் இல்லைய்யா. வெப்சைட்டு. நீங்க நல்லா இருக்கீங்கன்னு சொல்றதுக்காக."

ஐயா படத்தை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"மேல இந்தச் செவப்பு, மஞ்ச, பச்சை எதுக்கு?"

"சிவப்ப அமுக்குனா மூடிரும்யா."

"யாரோ அமுக்கிட்டாய்ங்க போல" என்றார்.

நான் ஷட்டரைத் தூக்கப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார். "செத்த இரு பாப்பா. பேச்சுக் கேக்குது."

வெளியே எதிர்க்கடைக்காரரின் குரல். முதலில் உரக்க, "தங்கமான மனுசன்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "சரி, ஆக வேண்டியதப் பாக்கணும்ல. இனிமே பூவ நம்ம தராசுக்குக் கொண்டாந்துருங்க. இந்தக் கடை இனி நடக்காது" என்றார். இதைச் சொல்வதற்கு அவர் பத்தாம் நாள் காரியம் வரைக்குமாவது காத்திருப்பார் என்று ஐயா நினைத்திருக்க வேண்டும். முகத்தில் முதல் முறையாக உயிர் தெரிந்தது, கோபத்தில்.

பிறகு ஒரு பொம்பளைக் குரல். "நாளைக்கு என்னமோ அப்பு. இன்னைக்குப் பறிச்சது அவருக்குன்னு பறிச்சது. வாரேன், பூவக் கொண்டான்னு சொல்லி விட்டுருந்தாரு." பஸ்ஸில் என்னிடம் பேசிய அதே அம்மாதான். பஞ்சவர்ணம் என்று பெயர், இருபது வருஷமாக இந்தத் தராசில் பூப் போடுபவர் என்று ஐயா காதோடு சொன்னார். தோட்டத்து ஆள் பைக்கில் கொண்டுவந்து இறக்கியிருந்த மூட்டையைப் பிரித்து, அந்தம்மா மொட்டு முழுவதையும் ஷட்டருக்கு முன்னால் கொட்டினார். அந்தச் சத்தம் மழைத் தூறல் மாதிரி இருந்தது. அடுத்து இன்னொரு மூட்டை. அதற்கடுத்து இன்னொன்று. யாரும் ஒரு வார்த்தை பேசாமல் கொட்டிவிட்டு விலகி நின்றார்கள்.

குவியல் உயர்ந்து சரிந்தது. ஷட்டருக்கு அடியில் வெள்ளை மொட்டுகள் உருண்டு உருண்டு இருட்டுக்குள் வந்தன. தராசைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டி, ஐயாவின் பாதத்தில் வந்து முட்டி நின்றன. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, பயமும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று இன்றும் சொல்ல முடியாது.

ஐயா குனிந்து ஒரு மொட்டை எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நுனியை அமுக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"பாப்பா, வெயில் ஏறிருச்சு. மொட்டு விரியப் போவுது. ஷட்டரத் தூக்கு."

மொட்டாக இருந்தால்தான் வெளியூர் போகும். விரிந்துவிட்டால் அந்தப் பூவை யாரும் தொட மாட்டார்கள். தன் சாவைக்கூட ஒரு காலை நேரம் பொறுத்துக்கொண்ட மனிதருக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. நான் ஷட்டரைத் தூக்கினேன். பாதியில் சிக்கியது. உதைத்தேன். மேலே போனது. வெள்ளைச்சாமி ஐயா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பூக்குவியலுக்குப் பின்னால் வெயிலில் வந்து நின்றார்.

"ஏலே, தராசத் துடைங்கடா. வேன் எங்க?"

கூட்டம் அலறி ஓடும் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. சந்தை முழுவதும் அவரையே பார்த்தபடி நின்றது. எதிர்க்கடைக்காரர் மட்டும் ஒரு காலிக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டார். பஞ்சவர்ணம் அம்மா கிட்டே வந்தார். ஐயாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். காலில் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

"இன்னைக்கு எம்புட்டுக்கு போகும்யா?"

அந்தக் கேள்விதான் எல்லோரையும் நம்ப வைத்தது. சத்தம் ஒரு மூலையிலிருந்து கிளம்பி சந்தை முழுவதும் பரவியது. வழக்கமான சத்தம்.

ஆனால் பூவை வாங்க ஆள் வேண்டுமே. வெளியூர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர் இன்னும் செத்தவர்தான். யாருக்குப் போன் போட்டாலும் "தைரியமா இரு தம்பி" என்று வைத்துவிட்டார்கள். அங்கேதான் நான் என் பாவத்தைக் கழுவினேன். லேப்டாப்பைத் திறந்து, பூமூட்டைமேல் வைத்து, சுந்தரத்துக்கு வீடியோ கால் போட்டேன். திரையில் ஐயா, பின்னால் தொங்கும் மாலைகள், சுற்றிலும் கறுப்புச் சட்டம். மறுபடியும் அதே படம். என் தலையெழுத்து.

சுந்தரம் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"ஏனுங்க, கையைக் கொஞ்சம் அசைங்க பாக்கலாம்."

ஐயா கையைத் தூக்கி அசைத்தார். இரண்டாவது அசைவில் நெட் நின்றுவிட்டது. தூக்கிய கையோடு ஐயா சட்டத்துக்குள் உறைந்து போனதாக அந்தப் பக்கம் தெரிந்திருக்கிறது. சுந்தரத்தின் முகமும் வாய் பிளந்தபடி எங்களுக்கு உறைந்து நின்றது. சந்தையில் சுற்றி நின்றவர்கள் திரையையும் ஐயாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எத்தன கிலோ வேணும், சீக்கிரம் சொல்லு, விரியுது" என்று ஐயாவின் குரல் அங்கே போய்ச் சேர்ந்ததும்தான் படம் அசைந்தது. சுந்தரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருக்கிறதை எல்லாம் அனுப்பச் சொன்னார். துக்கம் என்று ஐயாவின் பூட்டிய வீட்டு வாசலில் காத்திருந்த வேன் டிரைவரை இழுத்துவந்து பூவை ஏற்றினோம். கொஞ்சம் விரிந்து வீணானது. மிச்சம் போய்ச் சேர்ந்தது. அன்றோடு பழைய விவசாயிகள் எல்லோரும் ஐயாவின் தராசுக்கே திரும்பி வந்தார்கள்.

முருகேசன் அண்ணன் மத்தியானம் வந்தார். போனில் சார்ஜ் இல்லாமல் மதுரை பஸ் ஸ்டாண்டில் நின்றவரிடம் ஊர்க்காரர் ஒருவர் துக்கம் விசாரித்திருக்கிறார். தான் போட்ட ஸ்டேட்டஸுக்குத் தானே வழியெல்லாம் அழுதுகொண்டு வந்து சேர்ந்தார்.

வெப்சைட் வேண்டாம் என்று ஐயா சொல்லவில்லை. "கை அசையணும்" என்று மட்டும் சொன்னார். முகப்பில் படத்தை எடுத்துவிட்டு ஒரு சின்ன வீடியோ வைத்தேன். கலரில், தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து, நேராகப் பார்த்து, கையை அசைக்கிறார். அதற்குப் பிறகு ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியிலிருந்து ஆயக்குடி கொய்யாத் தோப்பு வரைக்கும் வந்த வாடிக்கையாளர் எல்லோரும் எனக்கும் கை அசைகிற மாதிரிதான் வேண்டும் என்று கேட்டார்கள். என் பிழைப்பு அதில்தான் ஓடியது.

வெள்ளைச்சாமி ஐயா போன வருஷம் நிஜமாகவே போய்ச் சேர்ந்தார். காலைச் சந்தையை முடித்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முருகேசன் அண்ணன் ஸ்டேட்டஸ் போட்டார். இந்த முறை எல்லாவற்றையும் தெளிவாக எழுதிப் போட்டார். ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் ஒருவரும் வரவில்லை. சந்தை குரூப்பில் சிரிக்கிற பொம்மைகளாக விழுந்திருக்கின்றன. பஞ்சவர்ணம் அம்மா போன் போட்டு, "வெப்சைட்டு மாத்துறீகளா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். சுந்தரம் வீடியோ காலில் வந்து, "ஐயாவைக் கொஞ்சம் கையை அசைக்கச் சொல்லுங்க" என்றாராம். அண்ணன் போனை அப்பா பக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறார். சுந்தரம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நெட்டு நின்னு போச்சுங்க தம்பி" என்றாராம்.

நான் இன்னும் சட்டம் வரைந்துகொண்டுதான் இருக்கிறேன். யாருடைய படத்தையாவது அதற்குள் வைத்துவிட்டு அனுப்பப் போகும்போதெல்லாம் அத்தா பின்னால் வந்து நின்று, "போன் போட்டுப் பாத்தியாம்மா?" என்று கேட்பார். அம்மா அடுப்படியிலிருந்தே சிரிப்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்குக் கதையை முதலிலிருந்து சொல்லி அவர்களையும் சிரிக்க வைப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டேதான் போனை எடுக்கிறேன். அந்தப் பக்கம் மணி அடிக்கும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு நின்றுவிடும். "அலோ" என்று படத்தில் இருப்பவரின் குரல் கேட்கும் வரை படத்தை அனுப்புவதில்லை.